பதினைந்து நிமிடம் என்று சொல்லி வந்தவர்

1935ஆம் ஆண்டு மே 11, சனிக்கிழமை. மறுநாள் அன்னையர் தினம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு டாக்டர், மனைவிக்கென்று பெரிய பூந்தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தொட்டியை மேசைமேல் வைத்தார். மாடிக்குப் போய்ச் சாய்ந்தார். அதற்குமேல் அவரை எழுப்ப முடியவில்லை. அவ்வளவு மப்பு.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. பேசியவர் குடும்பத் தோழி ஹென்ரியட்டா சீபர்லிங். நியூயார்க்கிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், பெருங்குடியில் கிடந்து மீண்டவர், டாக்டரைக் கூட்டிக்கொண்டு உடனே வா என்றார். மனைவி ஆன் இன்றைக்கு முடியாதே என்று இழுத்துப் பார்த்தார். கடைசியில் உள்ளதைச் சொல்ல வேண்டியதாயிற்று. சரி, நாளை மாலை ஐந்து மணி என்று முடிவானது.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், சுருக்கமாக ஏஏ, இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. அதன் கூட்டங்களுக்கு மூலம் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புதான்.

டாக்டரின் பெயர் ராபர்ட் ஸ்மித். ஊருக்கு டாக்டர் பாப். வயது 55. மூலம், பவுத்திரம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன். காலையில் கை நடுங்கும். நடுக்கம் அடங்க மாத்திரை, பொழுது சாய்ந்ததும் புட்டி என்று வருடக்கணக்கில் ஓட்டியவர். 1920இல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தபோது, இனிப் பிழைத்தோம் என்றுதான் நினைத்தாராம். ஆனால் மருந்து என்ற பெயரில் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தால் விஸ்கி வாங்கலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. டெலிபோன் புத்தகத்தைத் திறப்பார். கண்ணில் பட்ட ஏதோ ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பெயருக்குரிய மனிதர் நலமாக எங்கோ இருப்பார். அவருடைய 'மருந்து' டாக்டர் வயிற்றுக்குள் போகும்.

ஒளித்து வைப்பதில் மன்னன். நிலக்கரிப் பெட்டி, அழுக்குத்துணி போடும் குழாய், கதவு நிலைக்கு மேலே, நிலவறை விட்டத்தின்மேல் என்று அவர் கைபடாத இடம் இல்லை. நம்மூரில் ஸ்கூட்டர் டிக்கியும் கழிவறை ஃப்ளஷ் டேங்கும் செய்கிற வேலையை அங்கே இவை செய்தன. சின்னப் பாட்டில்களைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது ஒரு வித்தை. அது நன்றாகவே ஓடியது, மனைவியோடு 'டக்போட் ஆனி' சினிமாவுக்குப் போகும் வரை. திரையில் வாலஸ் பீரி அதே வேலையைச் செய்தார். பக்கத்து இருக்கையில் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். வித்தை அன்றோடு முடிந்தது. பீர் சட்டப்படி கிடைக்கத் தொடங்கியதும், பீர்தானே, அது என்ன செய்யும் என்று அதற்கு மாறினார். 'பீர்தானே' என்ற சொல்லுக்குத் தேச எல்லை கிடையாது. கொஞ்ச நாளில் தினமும் ஒன்றரைப் பெட்டி ஆனது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் இது: டாக்டர் பாப் முயற்சி செய்யாதவர் இல்லை. ஆக்ஸ்போர்டு குரூப் என்று அந்தக் காலத்தில் பரவியிருந்த கிறித்தவ இயக்கத்தில் இரண்டரை வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். படித்தார், ஜெபம் செய்தார். அவருக்காக மற்றவர்களும் மண்டியிட்டு ஜெபித்தார்கள். மருத்துவமோ அவர் தொழில். குடலுக்கும் ஈரலுக்கும் சாராயம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புத்திமதிக்குக் குறைவே இல்லாத வாழ்க்கை. குடி மட்டும் நிற்கவில்லை.

நியூயார்க்கிலிருந்து வந்தவர் பில் வில்சன். வயது 39. பங்குச்சந்தை ஆள், கெட்டிக்காரர், குடியால் எல்லாவற்றையும் தொலைத்தவர். 1934 நவம்பரில், புரூக்ளினில் கிளின்டன் தெரு 182ஆம் எண் வீட்டுச் சமையலறை மேசையில் ஜின்னும் அன்னாசிப்பழச் சாறுமாக உட்கார்ந்திருந்தபோது, எபி தாச்சர் என்ற பழைய குடிக்கூட்டாளி வந்தார். கிளாஸை நகர்த்தினால் வேண்டாம் என்கிறார். பில்லுக்கு அதுதான் அதிர்ச்சி. எபியை மீட்டவர்களில் ஒருவர் ரோலண்ட் ஹசார்ட் என்ற பணக்காரர். குடிக்கு வைத்தியம் தேடி சூரிக்கில் கார்ல் யுங்கிடமே போனவர். இனி மருந்தால் ஆகாது, உள்ளத்தைப் புரட்டிப்போடும் ஆன்மிக அனுபவம் வந்தால்தான் உண்டு என்று யுங் கைவிரித்துவிட்டாராம். ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்கு என்று விஷயம் அப்போதே நகரத் தொடங்கிவிட்டது.

டிசம்பர் 11ஆம் தேதி பில் கடைசியாகக் குடித்தார். டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் அறை முழுவதும் வெள்ளை ஒளி பரவியதாக உணர்ந்தார். அங்கே கொடுத்த பெல்லடோனா மருந்துக்கு மனப்பிரமை உண்டாக்கும் குணம் உண்டு என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். பில்லுக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம். டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் அவரைக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, இது எதுவாக இருந்தாலும் விடாமல் பிடித்துக்கொள் என்றார். நல்ல வைத்தியர்.

வெளியே வந்த பில், ஐந்து மாதம் நியூயார்க் குடிகாரர்களைத் துரத்தித் துரத்தித் தன் வெள்ளை ஒளியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. மனம் விட்டுப்போய் மனைவி லோயிஸிடம் சொன்னபோது அவர் பதில்: நீங்கள் குடிக்கவில்லையே. சில்க்வொர்த் வேறு விதமாகச் சொன்னார். ஒளிக் கதையை நிறுத்து. இது உடம்பும் மனசும் சேர்ந்த வியாதி, ஒரு வாய் உள்ளே போனால் நிறுத்த முடியாத உடம்பு, போட்டே ஆக வேண்டும் என்கிற மனசு என்று முதலில் புரிய வை.

ஆக்ரன் டயர் நகரம். குட்இயர் பிறந்த ஊர். ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியைக் கைப்பற்றும் போட்டிக்காகத்தான் பில் அங்கே வந்தார். போட்டியில் தோற்றார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல் தனியாக நிற்கிறார். பையில் சுமார் பத்து டாலர். கூடத்தின் ஒரு பக்கம் பார். சிரிப்பும் கிளாஸ் சத்தமும் வருகிறது. உள்ளே போய் ஒரு ஜிஞ்சர் ஏல் மட்டும் குடிக்கலாமே, நாலு பேரோடு பேசலாமே என்று தோன்றுகிறது. இன்னொரு பக்கம் டெலிபோனும், அருகே ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும்.

பில்லுக்கு அப்போது வந்த எண்ணத்தைத்தான் நான் ஏஏவின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். ஐந்து மாதம் அவர் யாரையும் காப்பாற்றவில்லை, ஆனால் அந்த அலைச்சல்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைக்காவிட்டால் தான் பாருக்குள் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டார். பாதிரியார் வால்டர் டங்க்ஸ். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராய்ச் சுழற்றிக் கடைசியில் ஹென்ரியட்டாவைப் பிடித்தார். குட்இயரைத் தொடங்கிய சீபர்லிங்கின் மருமகள். மாளிகை வாசலில் இருந்த காவல் வீட்டில் குடியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் டெலிபோனில் தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு குடிகாரனைத் தேடுகிறான்; யாராயிருந்தாலும் டக்கென்று வைத்திருப்பார்கள். அவர் வைக்கவில்லை. டாக்டர் பாப் குடியை விட வேண்டும் என்று ஏற்கெனவே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவர் அவர். கேட்ட வரம் டெலிபோனில் வந்ததாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு டாக்டர் பாப் வந்தார். தலைவலி, நடுக்கம், சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி உட்கார மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் படி ஏறினார். இருவரையும் ஹென்ரியட்டா ஓர் அறையில் விட்டார். வெளியே வந்தபோது மணி இரவு பதினொன்றே கால்.

ஆறு மணி நேரம் என்னதான் பேசினார்கள்? பில் உபதேசம் செய்யவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். விட நினைத்து விட முடியாமல் போனதை, பொய் சொன்னதை, மனைவியின் காசைக் கரைத்ததைச் சொன்னார். உங்களைத் திருத்த வரவில்லை, நான் குடிக்காமல் இருக்க எனக்கு நீங்கள் வேண்டும் என்றார். அதுவரை டாக்டர் பாப்பிடம் குடியைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்துப் பேசியவர்கள். குடி என்றால் என்ன என்று அனுபவித்து அறிந்த ஒருவர் தன்னிடம் பேசியது அதுவே முதல் முறை என்று பின்னால் அவர் எழுதினார். இருவரும் வெர்மான்ட் மாநிலத்துக்காரர்கள் என்பதும் அன்று தெரிந்தது. வெளியூரில் நம்மூர்க்காரனைப் பார்த்த மாதிரி.

கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. பில் அந்தக் கோடை முழுக்க டாக்டர் வீட்டில், ஆர்ட்மோர் அவென்யூ 855இல் தங்கினார். ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவர் மாநாடு. டாக்டர் பாப் ரயில் ஏறியதுமே குடிக்க ஆரம்பித்தவர், பல நாள் கழித்து நினைவு தப்பிய நிலையில் வீடு வந்து சேர்ந்தார். மூன்று நாள் கழித்து அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அன்று காலை மருத்துவமனை வாசலில், கை நடுக்கம் நிற்பதற்காக பில் அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். படிப்பவருக்கு நெஞ்சு பதறும். மேசையில் படுத்திருந்தவரின் நிலையை நினைத்தால் இன்னும் பதறும். நல்ல வேளை, சிகிச்சை ஒழுங்காக முடிந்தது. டாக்டர் நேரே வீட்டுக்கு வரவில்லை. தான் தீங்கு செய்தவர்களை, கடன் பட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசிவிட்டு நேரம் கழித்து வந்தார். அந்த பீர்தான் அவர் குடித்த கடைசிக் குடி. அந்த நாள் ஜூன் 10 என்று ஏஏ வைத்திருக்கிறது; அதுவே இயக்கத்தின் பிறந்த நாள். மாநாட்டுத் தேதியைக் கணக்குப் போட்ட ஆய்வாளர்கள் ஜூன் 17ஆக இருக்க வேண்டும் என்கிறார்கள். குடிகாரர் நினைவில் தேதி ஒரு வாரம் பிசகுவது பெரிய குற்றமில்லை.

இருவரும் அடுத்த ஆளைத் தேடினார்கள். ஆக்ரன் சிட்டி மருத்துவமனையில் பில் டாட்சன் என்ற வக்கீல், நர்ஸை அடித்ததால் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தார். இருவரும் கட்டிலோரம் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். ஜூலை 4ஆம் தேதி அவர் எழுந்து வெளியே நடந்தார். சாகும் வரை குடிக்கவில்லை. மூன்று பேர் ஆனதும் அது ஒரு குழு.

முதல் நாலு வருடம் பெயர் கிடையாது. ஆக்ரனில் டி. ஹென்றி வில்லியம்ஸ் என்பவர் வீட்டில் புதன்கிழமை தோறும் நடந்த ஆக்ஸ்போர்டு குரூப் கூட்டத்துக்குள்ளேயே இவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நியூயார்க்கில் பில் வீட்டுக் கூடத்தில். மனைவிமார் பாடு தனிக் கதை. 'சீக்கிரம், மீட்டிங்குக்கு நேரமாச்சு' என்று பில் அவசரப்படுத்திய ஒரு நாள், லோயிஸ் கையில் கிடைத்த செருப்பை அவர்மேல் வீசியடித்தார். இத்தனை வருடம் நான் செய்து முடியாததை யாரோ நாலு பேர் செய்துவிட்டார்களே என்ற ஆற்றாமை. அந்தச் செருப்பு வீச்சின் தொடர்ச்சிதான் 1951இல் அவர் தொடங்கிய அல்-அனான், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான கூட்டம்.

1939 ஏப்ரலில் புத்தகம் வந்தது. அதற்கு 'வெளியேறும் வழி' என்ற பொருளில் ஒரு பெயர் வைக்கத்தான் பலருக்கு ஆசை. வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் தேடினால் அதே பெயரில் ஏற்கெனவே பன்னிரண்டு புத்தகங்கள். பதின்மூன்றாவதாக வேண்டாமே என்றுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' வென்றது. புத்தகத்தின் பெயரே பிறகு இயக்கத்தின் பெயராகிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் கிளீவ்லண்டில் கிளாரன்ஸ் ஸ்னைடரின் குழு ஆக்ஸ்போர்டு குரூப்பிலிருந்து பிரிந்து, முதலில் அதைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆக்ஸ்போர்டு குரூப்புக்குக் கத்தோலிக்கர்கள் வரத் தயங்கினார்கள் என்பது அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம். குடியிலிருந்து மீள ஏஏ காட்டும் பன்னிரண்டு படிகளை பில் படுக்கையில் சாய்ந்தபடி அரை மணி நேரத்தில் எழுதினார் என்பார்கள். எழுதியது சுலபம், சண்டைதான் பெரிது. கடவுள் வேண்டும் என்பவர்களும் அந்தச் சொல்லே கூடாது என்பவர்களும் மோதி, கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மண்டியிட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பிள்ளையாரைக் கும்பிடுகிறவரும் எதையும் கும்பிடாதவரும் இன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார முடிவது அந்தச் சமரசத்தால்தான்.

பில்லுக்குச் சங்கிலித்தொடர் மருத்துவமனைகள், சம்பளத்துக்குப் பிரசாரகர்கள் என்று பெரிய கனவு. ஜான் ராக்ஃபெல்லரிடம் போனார்கள். அவர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். பணம் இதைக் கெடுத்துவிடும் என்றார். உலகத்திலேயே பெரிய பணக்காரக் குடும்பம் சொன்ன வார்த்தை. அன்று அவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். இன்று ஏஏ வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. கட்டணம் கிடையாது. உறுப்பினர்கள் விரும்பிப் போடுகிற சில்லறையில் வாடகையும் டீயும்.

இன்னொரு விதியும் உண்டு. மதுவிலக்கு வேண்டுமா, டாஸ்மாக்கை மூட வேண்டுமா என்று கேட்டால் ஏஏ வாயே திறக்காது. முன்பு இது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. 1840இல் பால்டிமோரில் ஒரு சாராயக் கடையில் கூடிய ஆறு குடிகாரர்கள் வாஷிங்டனியன்கள் என்ற சங்கத்தைத் தொடங்கியதைப் படித்த பிறகு மனம் மாறிற்று. மீண்டவர் கதை சொல்ல, மற்றவர் கேட்க, அதுவும் காட்டுத்தீயாய்ப் பரவிய இயக்கம். பிறகு மேடை, ஊர்வலம், மதுவிலக்கு அரசியல் என்று எல்லாவற்றிலும் காலை விட்டுச் சில வருடங்களில் கரைந்தே போனது. மதுக்கடைக்கு எதிராகப் போராட வேறு ஆட்கள் வேண்டும், போராடட்டும். கை நடுங்குகிறவருக்கு இன்று மாலை உட்கார ஒரு நாற்காலி போட்டு வைப்பது வேறு வேலை.

1941 மார்ச் 1ஆம் தேதி சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் ஏஏ பற்றி ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வந்தது. சுமார் 2,000 பேராக இருந்தவர்கள் ஆண்டு முடிவில் 8,000 பேர். இந்தியாவில் 1957இல் பம்பாயில் வேர் பிடித்தது. சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் ஹேஸல்டன் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி பெற்று வந்து 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஹேஸல்டன் முறைக்கு அடித்தளமே அந்தப் பன்னிரண்டு படிகள்தான்.

நம்மூரில் குடியை நிறுத்த மூன்று வழி பிரசித்தம். கோயிலில் கயிறு கட்டுவது. மாலை போட்டு ஒரு மண்டலம் இருப்பது. சுவர் விளம்பரத்தில் வருகிற, குடிப்பவருக்கே தெரியாமல் சோற்றில் கலக்கிற பொடி. முதல் இரண்டையும் நான் கேலி செய்ய மாட்டேன். நாற்பத்தெட்டு நாள் ஒருவர் குடிக்காமல் இருந்து காட்டுகிறாரே. மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடையில் நிற்கிறார் என்றால், நாற்பத்தொன்பதாம் நாளைக்கு அவர் கையைப் பிடிக்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஏஏக்காரர்கள் நாற்பத்தெட்டு நாள் என்றுகூடச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் என்கிறார்கள். பொடி விஷயம் வேறு. காசும் போகும், உடம்பும் கெடும். அவருக்குத் தெரியாமல் அவர் குடியை யாராலும் நிறுத்த முடியாது. அவர் வாயால் அவரே சொல்ல வேண்டும். 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று கூட்டத்தில் தொடங்குவது அதற்குத்தான்.

எல்லாருக்கும் பலிக்குமா என்றால், பலிக்காது. பில்லுக்கு முதல் சேதி கொண்டுவந்த எபியே பிறகு பல முறை சறுக்கி விழுந்தார். இருந்தும் பில் கடைசி வரை அவரைத்தான் தன் ஸ்பான்சர், அதாவது வழிகாட்டி, என்று சொன்னார். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000க்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அறவே விட்டு நிற்பதில் ஏஏவும் அதை ஒட்டிய சிகிச்சைகளும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கின்றன என்பது அதன் முடிவு. காசு வாங்காத ஒரு விஷயத்துக்கு இது சின்னப் பேர் இல்லை.

போக நினைப்பவருக்கு, அல்லது யாரையாவது அனுப்ப நினைப்பவருக்குச் சில சொல்கிறேன். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர் என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பில்லும் மருத்துவமனையில் படுத்து எழுந்துதான் கூட்டத்துக்கு வந்தார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரியாவிட்டால் போதை மறுவாழ்வு மையம் எதிலும் கேட்கலாம். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. 'ஓப்பன் மீட்டிங்' என்றால் வீட்டாரும் கூட வரலாம், 'குளோஸ்டு' என்றால் குடிநோயாளிகள் மட்டும். சேர்வதற்குக் குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்று போதும். முதல் நாள் பேச வேண்டியதில்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கடைசி வரிசையில் உட்காரலாம். முந்தின நாள் குடித்திருந்தாலும் போகலாம். டாக்டர் பாப் அப்படித்தான் போனார். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. பெரும்பாலும் டீ உண்டு.